தோளை ஒடுக்கிக்கொண்ட பஸ்

பஸ் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தோம். உள்ளே ஐம்பது அறுபது பேர், பாதிப் பேர் சீட்டில், மீதிப் பேர் நடுவழியில். ஈரக் கம்பளி வாசனை ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

முதலாளி பொன்னுசாமி படியில் ஏறி நின்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. வளைவு வரும். வந்தா வரட்டும். நீங்க ஆடாம அசையாம நேரா இருக்கோணும். ஒருத்தரும் சாயக் கூடாதுங்க. சரிங்களா?"

"சரிங்கய்யா" என்றார்கள் எல்லாரும்.

"போஜா, திருப்பு."

டிரைவர் போஜன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ஓடாத பஸ்ஸில் அத்தனை பேரும் ஒரே ஆள் போல இடது பக்கம் சாய்ந்தார்கள். ஸ்பிரிங் முனகியது. வெளியே நின்றிருந்த என் தலைக்கு மேலே கூரையின் ஓரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நிக்கிற வண்டிங்க இது! நிக்கிற வண்டியில எதுக்குங்க சாயறீங்க?"

உள்ளேயிருந்து என் அக்கா லெச்சுமி பதில் சொன்னாள்: "நாங்க எங்கங்கய்யா சாயுறோம்? ஒடம்பு தன்னால போகுது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் அந்தச் சாய்வு நின்றால்தான் அக்கா மலையில் இருக்க முடியும். நிற்காவிட்டால் மாதம் பிறந்ததும் சமவெளிச் செங்கல் சூளைக்கு லாரி ஏற வேண்டும். அந்தக் கதைதான் இந்த வாரம்.

கோழி அடைந்த பஸ்

போன வாரம், சிலோனிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமை விட்டுக் கிளம்பியதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தைத் தாண்டிக் குதிக்கிறேன். உப்பளத்தில் காலில் வெடிப்பு வந்தது, ஓட்டலில் தட்டுக் கழுவினேன், லாரியில் கிளீனராகப் போய் ஒரு இரவு மழையில் தார்ப்பாய்க்குள் தூங்கி வேறு ஊரில் விழித்தேன். இவ்வளவுதான். ஓரிடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் ஒரு வகுப்பில் இரண்டு வருஷம்.

அக்காவும் அத்தானும் எனக்கு முந்திய கப்பலில் வந்தவர்கள். நீலகிரியில் தேயிலை வேலை கிடைத்திருக்கிறது என்று யாரோ சொல்லித் தெரிந்து, அவர்களைத் தேடி மலையேறினேன். போகும் வழியில் குன்னூரில் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோடு இறங்குகிற பக்கம் ஒரு கொட்டகையில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே போய் வேலை கேட்டேன்.

அது சூசை மேஸ்திரியின் கொட்டகை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற இடம். கம்பெனியிலிருந்து வருவது சக்கரமும் எஞ்சினும் இரும்புச் சட்டமும்தான். அதற்கு மேலே தெரிகிற எல்லாம், அதாவது மரச்சட்டம், தகரம், கூரை, ஜன்னல், சீட்டு, பாடி கட்டுகிறவருடைய வேலை.

"என்ன வேலை தெரியும்?" என்றார் மேஸ்திரி.

"சிலோன்ல தேயிலை ஃபேக்டரியில இருந்தேங்க. கொழுந்து காயுற மிஷின் தட்டுக்கு ரிவெட் அடிச்சிருக்கேன்."

"ரிவெட் எந்த ஊர்லயும் ரிவெட்டுதான். சுத்தியல எடு."

மேஸ்திரி அதற்கு முன்னால் மாதா கோயிலுக்குப் பெஞ்சு செய்துகொண்டிருந்தவர். அவர் கட்டிய முதல் பஸ்ஸில் சீட்டெல்லாம் கோயில் பெஞ்சு மாதிரி நட்டுக்குத்தலாக இருக்குமாம். ஊட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் இரண்டு ஜெபமாலை சொல்லி முடித்துவிடுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் சேர்ந்த சமயம் பொன்னுசாமி முதலாளி ஒரு புதுச் சேசிஸைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஏற்கெனவே இரண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த மூன்றாவது பஸ் மட்டும் இங்கிலீஷ் பஸ் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசை வந்த கதை இது. ஒரு வெள்ளைக்காரத் துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது பங்களாவுக்குப் பின்னால் ஒரு பழைய பஸ்ஸை விட்டுப் போயிருந்தார். துரைமார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதற்காகச் சீமையிலிருந்து முழுசாக வந்த ஒற்றைத் தட்டு பஸ். எஞ்சின் எப்போதோ போய்விட்டது. தோட்டக்காரர் அதில் கோழி அடைத்திருந்தார். ஆனாலும் ஆள் அசந்துபோவான். நெற்றி உருண்டு, பக்கம் இரண்டும் ரொட்டி அச்சில் வார்த்த மாதிரி நேராக ஏறி, கூரையில் போய்ச் சதுரமாகத் திரும்பும். இத்தனை வருஷ மழைக்கும் ஒரு ரிவெட் கழன்றிருக்கவில்லை.

"இதே மாதிரி வேணுமுங்க மேஸ்திரி. ஒரு ஆணி மாறக் கூடாது" என்றார் முதலாளி.

மேஸ்திரியும் நானும் கயிறும் கையுமாகப் போய் அளவெடுத்தோம். டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் விரட்டப் போனேன். மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு சிலோனு. பிள்ளைத்தாச்சிய எழுப்பாத. இந்த இடத்தக் கடைசியா அளந்துக்கலாம்."

குஞ்சு பொரித்த பிறகுதான் டிரைவர் பக்கம் அளவெடுத்தோம். அதுவரை முன்பக்கம் இல்லாமலே பஸ் வளர்ந்தது. என்னை மேஸ்திரி கடைசிவரை சிலோன் என்றுதான் கூப்பிட்டார்.

கல்யாணப் பட்டும் சீமை ஜன்னலும்

ஒரு ஆணி மாறாமல் கட்டினோம். அதுதான் வினையாகப் போயிற்று.

சீமை பஸ்ஸின் ஜன்னல் திறக்காது. பெரிய கண்ணாடி. மேலே மட்டும் கை அகலத்துக்கு ஒரு சந்து, காற்றுக்கு. நானும் சிலோனில் அட்டன் டவுனில் அப்படிப்பட்ட பஸ்களைப் பார்த்திருக்கிறேன். குளிர் தேசத்துக்காரர்கள் குளிர் உள்ளே வரக் கூடாதென்று செய்தது. நம் மலையும் குளிர்தானே, பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம்.

முதல் ஓட்டத்துக்கு முதலாளி தன் சொந்தக்காரர்களையே ஏற்றினார். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே ஏதோ ஊரில் கல்யாணம். பட்டுப் புடவை, சரிகை வேட்டி, தலை நிறையப் பூ. இட்லியும் கேசரியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள். நான் ஏதாவது கழன்றால் பார்ப்பதற்காகப் பின்னால் ஒரு ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தேன்.

மேட்டுப்பாளையம் இறக்கத்தில் எத்தனை வளைவு என்று ஊருக்கே தெரியும். நாலைந்து வளைவு தாண்டியதும் ஒரு அம்மா எழுந்தார். ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். திறக்காது. மேலே இருக்கிற சந்துக்கு எம்பினார். எட்டாது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். கல்லாறு வந்து சேர்ந்தபோது அந்தக் கண்ணாடி வழியாக யாரும் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. வெற்றிலை போட்டவர்கள் தனி. கல்யாண வீட்டார் ஆற்றங்கரையில் வரிசையாக நின்று பட்டுப் புடவையை அலசினார்கள்.

நடந்ததை மேஸ்திரியிடம் சொன்னேன். "அந்த ஊர்ல வளைவும் இருக்காது, வெத்தலையும் இருக்காது போலிருக்கு" என்றார்.

ஜன்னலையெல்லாம் அறுத்தெடுத்தோம். கண்ணாடி கீழே இறங்குகிற மாதிரி மாற்றி வைத்தோம். முதலாளி அழாத குறைதான். "ஜன்னலோட நிறுத்திக்கோங்க. மத்ததுல கை வெக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டார். பஸ் குன்னூரிலிருந்து மேலே பிக்கட்டி வரைக்கும் ஓட ஆரம்பித்தது.

நாற்காலியில் சாமி

பிக்கட்டிக்கு மேலேதான் அக்கா இருந்த லயம். தேயிலை வேலைக்காரர்களின் வீடுகள் ஒரே கூரையாக வரிசையாக இருக்குமே, அதைச் சிலோனில் லயம் என்போம். வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கொண்டுவந்துவிட்டார்கள். பிக்கட்டியிலிருந்து மேலே ஏற ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். லாரி போகிற ரோடு இருந்தது. பஸ் போகாது.

என் அத்தான் முத்தையா சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்தது. குன்னூர் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் புண் மூடவில்லை. வாரா வாரம் வந்து கட்டு மாற்ற வேண்டும், விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

நடக்க முடியாதவரை எப்படிக் கொண்டுபோவது? ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு பிக்கட்டி வரை இறங்குவார்கள். அத்தான் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார்.

"சாமி வருது, வழிய விடுங்க. தேங்கா ஒடைக்கிறவங்க ஒடைக்கலாம்."

"சாமிய எறங்கி நடக்கச் சொல்லுங்கடா. தோளு கழலுது" என்பார்கள் தூக்குகிறவர்கள்.

சிரித்துக்கொண்டுதான் தூக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு பேருக்கு ஒரு நாள் வேலை போகும். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் சூளைக்கு ஆள் சேர்க்கிறவர் ஒருவர் லயத்துக்கு வந்தார். சமவெளியில் ஒரு செங்கல் சூளை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, மாதம் பிறந்ததும் லாரி வரும் என்றார். அக்காவுக்குச் சூளை புதிதல்ல. கப்பலிலிருந்து இறங்கிய முதல் வருஷம் அதுதான் பிழைப்பு. அந்த வெயிலையும், சூளைக்காரர்கள் பேசும் பேச்சையும் பற்றி அவள் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"போறியாக்கா?" என்றேன்.

"கால் வேணும்ல தம்பி. மலை இருந்து என்னா பண்ண?"

நான் குன்னூருக்குத் திரும்பி வந்து முதலாளியிடம் பேசினேன். மேலே லயம் லயமாக ஜனம் இருக்கிறது, டவுனுக்கு இறங்க வழியில்லாமல் இருக்கிறது, பஸ் ஏறினால் நிறைந்து வழியும் என்றேன். அவருக்கும் அது சரியென்று பட்டது. அனுமதி கேட்டு எழுதிப் போட்டார்.

ஆனைப்பாறை

வண்டிகளைச் சோதித்து அனுமதி தருகிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ரோட்டைப் பார்த்தார். ஒல்லியான, சத்தமே போடாத மனிதர். எல்லாம் சரி, ஆனைப்பாறை வளைவு மட்டும்தான் தகராறு என்றார்.

அந்த இடத்தில் ரோடு இடது பக்கம் சட்டென்று மடங்கும். உள்பக்கம் ஒரு பெரிய பாறை, யானை மத்தகம் மாதிரி ரோட்டின் மேல் குனிந்து நிற்கும். வெளிப்பக்கம் பள்ளம். பாறையை உடைக்கலாம் என்றால், அதன் தலைக்கு மேலே மின்சாரத் திட்டத்துக்குத் தண்ணீர் போகிற குழாய். வெடி வைக்க விடமாட்டார்கள்.

"ஆளை ஏத்திக்கிட்டு, ரிவர்ஸ் எடுக்காம, ஒரே திருப்புல போகணும். போச்சுன்னா அனுமதி" என்றார் இன்ஸ்பெக்டர்.

போஜன் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார். பக்கத்து ஹட்டியில், படுகர் கிராமத்தில், பிறந்தவர், அந்த ரோட்டில் வருஷக் கணக்காக லாரி ஓட்டியவர். வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி திருப்பினார். கூரைக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கை போகும். வளைவைத் தாண்டியதும் மேலே போகாமல் ரிவர்ஸிலேயே இறங்கிவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் உட்கார, பிக்கட்டிக்கு இறங்கிவந்த லயத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாறை வந்தது. போஜன் திருப்பினார். அத்தனை பேரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். பஸ்ஸும் அவர்களோடு சாய்ந்தது. தலைக்கு மேலே தகரம் கிழிகிற சத்தம், கிர்ரென்று, பல் கூசுகிற மாதிரி.

எனக்கு அந்தச் சத்தத்தோடேயே காரணம் தெரிந்துவிட்டது.

சிலோன் தோட்டத்தில் தூர மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதும், சம்பளத்தன்று டவுனுக்குப் போவதும் திறந்த லாரியில்தான். அடைத்து ஏற்றுவார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, பக்கத்தில் நிற்கிறவர் தோளைத் தவிர. வளைவு வந்தால் முன்னால் நிற்கிற கங்காணி "மலப்பக்கம்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். எல்லாரும் மலைப் பக்கமாகச் சாய வேண்டும். பள்ளத்துப் பக்கம் பாரம் போகக் கூடாது. சாயாதவனை நாலு பேர் ஏசுவார்கள். இடுப்பில் இருக்கிற குழந்தைகூட அம்மாவோடு சேர்ந்து சாயும். நானும் நடக்கப் பழகுவதற்கு முன்பே சாயப் பழகியிருப்பேன்.

கங்காணியும் இல்லை, லாரியும் இல்லை, சிலோனும் இல்லை. ஆனாலும் வளைவைக் கண்டால் உடம்பு மலைப் பக்கம் போய்விடுகிறது.

இன்ஸ்பெக்டர் இறங்கிக் கூரையைப் பார்த்தார். முழ நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் வாயைப் பிளந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வர்றேன். அதுலயும் இடிச்சா, பிக்கட்டியோட நிறுத்திக்கோங்க. ஜனங்க உசுரு" என்றார். நியாயமான பேச்சு.

வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை மாதம் பிறந்தது. அன்றைக்குத்தான் சூளை லாரி.

சாயாதே!

ஞாயிற்றுக்கிழமை முதலாளி எல்லாரையும் குன்னூருக்கு அழைத்துவந்தார். மார்க்கெட் பார்க்கலாம், மத்தியானம் சாப்பாடு உண்டு, ஆனால் முதலில் பயிற்சி என்றார். நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி அதுதான்.

என்னென்னவோ செய்து பார்த்தார். கூரையில் கயிறு கட்டி ஆளுக்கு ஒரு முனை கொடுத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். 'சாயாதீர்' என்று பலகை எழுதி மாட்டினார். படிக்கத் தெரிந்தவர்கள் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே சாய்ந்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அப்போது மட்டும் யாரும் சாயவில்லை. முதலாளி முகம் மலர்ந்தது.

"அய்யா, கண்ண மூடிக்கிட்டே எங்க எறங்குறதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான். அவரும் கட்டுப் போட்ட காலைச் சீட்டில் நீட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்திருந்தார். "அப்புறம் ஏறுனவங்கல்லாம் திரும்பக் குன்னூருக்கே வந்துருவோம்."

பஸ் குலுங்கச் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி, நீங்களாச்சும் சொல்லுங்க. இத்தன பேரையும் எப்படித் திருத்தறது?"

சூசை மேஸ்திரி அதுவரை கொட்டகைத் தூணில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "திருத்த முடியாதுங்க. பஸ்ஸத் திருத்தலாம்" என்றார்.

"எதத் திருத்துவீங்க?"

"தோள. இது ரெண்டு பக்கமும் சொவரு மாதிரி மேல போயி நிக்குது. ஜன்னலுக்கு மேல தோள உள்ள தள்ளீட்டா, சாஞ்சாலும் பாற படாது."

முதலாளிக்கு நெஞ்சில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சதுரத் தோள்தான் அவருக்கு அந்த பஸ்ஸிலேயே பிடித்த இடம். மாலை வெயிலில் அதன் ஓரம் மின்னுவதைப் பார்ப்பதற்காகவே ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார்.

"வேண்டாமுங்க. இங்கிலீஷ்காரன் கட்டினது தப்பாங்க?"

"தப்புன்னு ஆருங்க சொன்னா? அவன் அவனோட ஆளுக்குக் கட்டினான். அவனோட ஆளு சீட்டுல உக்காந்தா உக்காந்த எடத்துலயே இருப்பான் போல. நமக்கு ஏறுறவங்க இவங்க."

"கூனன் மாதிரி இருக்குமேங்க."

"இருக்கட்டுமுங்க."

"உள்ள சாமான் வெக்கிற பலகையும் போயிருமே?"

அதற்கு அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சாமான நாங்க மடியில வச்சுக்கிறோம் மொதலாளி. எங்ககிட்ட என்னா பெரிய சாமான் இருக்கு?"

அவள் சும்மா சொன்னதுதான். முதலாளி அவளைப் பார்த்தார், சீட்டில் நீட்டியிருந்த அத்தான் காலைப் பார்த்தார், அப்புறம் பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் வேகமாக நடந்துவிட்டார். அறுக்கும்போது பக்கத்தில் இருக்க அவருக்கு மனமில்லை.

மேஸ்திரி கூரை ஓரத்தில் தூக்குக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். "போஜா, திருப்பு" என்றார். "எல்லாரும் நல்லாச் சாயுங்க. இன்னைக்குத்தான் உங்க சாய்வுக்கு வேலை."

சாய்ந்தார்கள். குண்டு நகர்ந்த இடத்தில் நான் தரையில் சாக்கட்டிக் கோடு போட்டேன். இன்னொரு தடவை. இன்னொரு கோடு. போகும்போது இடது பக்கம், இறங்கும்போது அதே பாறை வலது பக்கம், அதனால் இரண்டு பக்கமும். அத்தனை பேர் உடம்பால் அளவெடுத்துக் கட்டிய பஸ் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

திங்கள் காலையில் ரம்பத்தை வைத்தோம். ஜன்னலுக்கு மேலே இருந்த மரச்சட்டங்களை அறுத்து, சாய்வாகத் துண்டு இணைத்து, புதுத் தகரத்தை வளைத்து மேலே அடித்தோம். தகரம் லேசில் வளையவில்லை. என் இடது கட்டைவிரல் நகம் அந்த வாரம்தான் போயிற்று. திரும்ப முளைத்தது கோணலாக முளைத்தது. வியாழக்கிழமை பெயின்ட் காயாத பஸ்ஸைத் தள்ளி நின்று பார்த்தோம்.

குளிருக்குத் தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை

மலையில் மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. போஜன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். ரோடு தெரிய வேண்டுமென்று இன்ஸ்பெக்டர் உட்காராமல் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். முதலாளி கடைசி சீட்டில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அத்தானின் காலை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

ஆனைப்பாறை மஞ்சிலிருந்து வெளியே வந்தது.

போஜன் திருப்பினார். எல்லாரும் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். பஸ் சாய்ந்தது. ஜன்னல் வழியாகப் பாறையில் ஒட்டியிருந்த பாசியும் அதில் சொட்டுகிற தண்ணீரும் மூக்குக்கு நேராக நகர்ந்து போயின. காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் மட்டும்தான். பாறை பின்னால் போய் மஞ்சுக்குள் மறைந்தது.

நிமிர்ந்து பார்த்தால், இன்ஸ்பெக்டரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலைப் பக்கமாகச் சாய்ந்தபடி நின்றிருந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று நேரானார்.

"போங்க போங்க. மேல போங்க" என்றார்.

லயத்துக்கு முன்னால் பஸ் போய் நின்றபோது பிள்ளைகள் ஓடிவந்து சுற்றிக்கொண்டன. யாரோ தப்பு மேளத்தை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். முதலாளிக்கு ஒரு கிழவி விபூதி பூசினாள். எல்லாரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும்போது போஜன் மட்டும் கீழே இறங்கி முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்பா, வந்துட்டோம். எங்க திருப்புறது?"

ஏறுவதைப் பற்றியே யோசித்தோமே தவிர, திரும்புவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. லாரி சின்னது, எப்படியோ முன்னே பின்னே ஒடித்துத் திரும்பிவிடும். இவ்வளவு நீள பஸ்ஸுக்கு இடமே இல்லை. ஒரு பக்கம் லயம். மறு பக்கம் தேயிலைச் சரிவு. லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு, அதாவது கடைசி வீட்டுக்கு, எதிரில் மட்டும் சமமாகக் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் பந்தல் போட்டு அவரை ஏறியிருந்தது. அடியில் முட்டைக்கோசும் பூண்டும்.

கடைசிக் காம்பரா அக்காவுடையது.

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திருப்ப இடமில்லாத ஊருக்கு அவர் எப்படி அனுமதி கொடுப்பார்? நான் அக்காவைப் பார்க்கவில்லை. அந்த நிலத்தில் அவள் எத்தனை கூடை சாணி சுமந்து கொட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவரை அப்போதுதான் பூ விட்டிருந்தது.

அக்கா காம்பராவுக்குள் போனாள். சூளைக்குக் கொண்டுபோக மூட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த மண்வெட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தலின் முதல் காலை ஒரே வெட்டில் சாய்த்தாள்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் எல்லாரையும் பார்த்து. "மண்வெட்டி இல்லாத வீடா உங்க வீடு?"

பத்து நிமிஷத்தில் அந்த இடத்தில் இருபது மண்வெட்டி இறங்கியது. பெண்கள் முட்டைக்கோசைப் பிடுங்கி ஒதுக்கினார்கள். நானும் மேஸ்திரியும் கல் சுமந்தோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணை மிதித்து இறுக்கினார். இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று குடையை வைத்து அளந்து காட்டினார். மத்தியானம் சாய்வதற்குள் போஜன் பஸ்ஸை ஏற்றி, பின்னுக்கு எடுத்து, முகத்தைப் பிக்கட்டிப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் முட்டைக்கோசுக் கறிதான். அவிழ்ந்த மூட்டையை அக்கா திரும்பக் கட்டவில்லை. திங்கட்கிழமை சூளை லாரி வந்தது, யாரும் ஏறாமல் போனது.

அடுத்த வாரம் கட்டு மாற்றுகிற நாள். நான் முந்தின நாளே வந்து லயத்தில் தங்கியிருந்தேன். காலையில் பஸ் மேலே ஏறி வந்து, அக்காவின் வாசலில் உடம்பைத் திருப்பிக்கொண்டு, படி வாசலுக்கு நேராக வரும்படி நின்றது. ஜனங்கள் ஏறினார்கள். போஜன் ஹாரன் அடித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை.

அத்தான் உள்ளே அடுப்புப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஆவி பறக்கிற குவளை. இடத்தை விட்டு அசையாமல் குரல் கொடுத்தார்.

"இருங்க டிரைவரே. தேத்தண்ணி குடிச்சிட்டு வாறேன்."

பஸ் நின்றது.